காத்திருக்கவும் காசு வேணும்

காத்திருப்பதைப் பற்றி நம் கவிஞர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. மழைக்குக் காத்திருப்பது, காதலுக்குக் காத்திருப்பது, விடியலுக்குக் காத்திருப்பது. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு அரசாங்கப் பட்டியலுக்காக ஒரு குடும்பமே காத்துக் கிடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதில் அழகு ஒன்றும் கிடையாது. அதில் இருப்பதெல்லாம் கணக்குதான். எத்தனை நாள், எத்தனை ரூபாய், யார் வீட்டு அரிசி. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மே மாதத்து முதல் ஞாயிறு வாக்கில் நீட் பரீட்சை. ஜூனில் முடிவு. அப்புறம் விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு. கலந்தாய்வில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மிச்சம் மீதிக்கு இன்னும் ஒன்றிரண்டு சுற்று. எல்லாம் முடிவதற்குள் பழவேற்காட்டு ஏரியில் மழைத்தண்ணி வந்து சேர்ந்துவிடும். இந்த ஐந்தாறு மாதத்தை அண்ணாநகரில் ஒரு பிள்ளை கடத்துகிறது. ஏரிக்கரைக் காலனியிலும் ஒரு பிள்ளை கடத்துகிறது. நாட்காட்டி ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். நாள் ஒன்றல்ல.

ஏரிக்காரர்களுக்குக் காத்திருப்பு புதுசா என்று கேட்கலாம். முகத்துவாரம் மண்மேடு தட்டி அடைத்துக்கொண்டால் கடல் தண்ணி உள்ளே வராது. இறால் வராது. திறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அது இயற்கை கொடுக்கும் காத்திருப்பு, எல்லாக் குப்பத்துக்கும் பொது. ஆனால் இந்த ஏரியில் மனுசர்கள் உண்டாக்கிய காத்திருப்பும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது பாடு. ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு இதைப் பாராட்டி எழுதுகிறார்கள். சண்டை சச்சரவு இல்லாமல், மீன் அழியாமல், மக்களே நடத்தும் நிர்வாகம் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சீட்டில் பெயர் இருப்பவனுக்குத்தான் அது ஜனநாயகம். பாட்டு உரிமை பரம்பரையாகச் சில பட்டினவர் குப்பங்களுக்கு உரியது. அதே தண்ணியில் பிழைக்கும் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணியில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்ட பறியில் போடுகிறார்கள். அவர்களுடைய முறை எப்போது வரும்? பட்டியலில் இல்லாதவனுக்கு முறையே கிடையாது.

பட்டினவர்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்கள்தான். துறைமுகமும் அனல்மின் நிலையமும் அவர்கள் கடலையும் தின்றுகொண்டிருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்கும் டாக்டர் சீட்டு எட்டாத தூரம்தான். சொல்ல வருவது இதுதான்: வரிசை என்று ஒன்று இருந்தாலே நியாயம் வந்துவிடாது. வரிசையில் நிற்க யாரை விட்டார்கள், நின்றவனில் எவனால் கடைசிவரை நிற்க முடிந்தது என்று கேட்டாக வேண்டும்.

மருத்துவக் கல்லூரி வாசலில் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத சரித்திரம்.

பழைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய பாஷையில் ‘ஹரிஜன’ங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்–கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் நீதிமன்றம் போனார். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்பது வழக்கு. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அந்த வழக்கில் ஒரு விசயம் கவனிக்கத்தக்கது. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தார், கிடைக்காது என்று தெரிந்தது, நேரே நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். தீர்ப்பிலேயே இது இருக்கிறது. ஒருநாள்கூடப் பட்டியலுக்குக் காத்திருக்காத ஒருவருக்காக ஒரு மாகாணத்தின் வகுப்புவாரி ஏற்பாடே கவிழ்ந்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. நம் இடஒதுக்கீட்டின் வேர் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம் மாவட்டவாரி இடங்கள். பட்டணத்துப் பிள்ளையோடு நாட்டுப்புறத்துப் பிள்ளை போட்டி போட முடியாது என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு என்று மருத்துவ இடங்களைப் பிரித்து வைத்தது சென்னை அரசு. 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. நல்ல திறமையைப் பொறுக்க மாவட்டவாரிப் பிரிவு உதவாது என்பது வாதம். திறமை எங்கே விளைகிறது, எவன் தண்ணி பாய்ச்சி விளைகிறது என்ற கேள்வி அங்கே எடுபடவில்லை.

அந்தக் காலத்தில் நேர்காணல் வேறு. 1970–71 சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கைப் பாருங்கள். மொத்தம் 275 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு மட்டும் 75. விளையாட்டு, என்.சி.சி., உடல் திடம், பொதுத் திறமை, தொழில் நாட்டம் என்று தலைப்புகள். பொழுது விடியுமுன் எழுந்து அப்பனோடு படகு தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உடல் திடத்துக்கு எந்தத் தலைப்பில் மார்க் போடுவார்கள்? டென்னிஸ் மட்டைக்கு மார்க் உண்டு, துடுப்புக்கு இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் முகத்தை ஒத்த முகம் இந்தப் பக்கம் வந்தால் அது ‘நாட்டம்’. நம் முகம் வந்தால் ‘தயக்கம்’. 75 மார்க்கில் ஒரு சாதியையே உள்ளே விடலாம், ஒரு சாதியையே வெளியே நிறுத்தலாம்.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது, நேர்காணல் போனது. 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வையும் எடுத்தார்கள். 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் போதும். 2016 வரை அது ஓடியது. 2017-ல் நீட் வந்து உட்கார்ந்தது. வாசல் மாறி மாறிக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்கிறவர்கள் மட்டும் மாறுவதே இல்லை.

நீட்டைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். பாடத்திட்டம் வேறு, மொழி வேறு, கோச்சிங் வியாபாரம். எல்லாம் சரி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டு, மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னதும், அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் ஊரறிந்த கதை. ஆனால் நீட் நடத்தும் மிகப் பெரிய திருட்டு நேரத் திருட்டு. அதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. 2016–17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020–21-ல் அதுவே 71.42 சதவீதம். நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழ். இதன் அர்த்தம் என்ன? பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரிக்குள் போகும் காலம் மலையேறிவிட்டது. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ வீட்டில் உட்கார்ந்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, மறுபடி எழுதுகிறவனுக்குத்தான் இடம். அறிவைச் சோதிக்கும் பரீட்சை என்கிறார்கள். ஒரு குடும்பம் சம்பாத்தியமில்லாத ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளையை எத்தனை வருசம் வைத்துச் சோறு போட முடியும் என்பதையும் சேர்த்தே அது சோதிக்கிறது. நிலத்தைப் போல, நகையைப் போல காத்திருப்பும் ஒரு சொத்தாகிவிட்டது. சொத்து எந்தச் சாதியிடம் இருக்கிறதோ காத்திருப்பும் அங்கேதான் இருக்கும்.

வங்கி கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஏரிக்கரைக் காலனியிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். இறால் பிடிக்கிறவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட்டில் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை.

“சார், இன்னொரு வாட்டி எழுதுனா கண்டிப்பா கெடைக்கும்னு அவங்க டீச்சர் சொல்லுது. கோச்சிங்குக்கு லோன் குடுப்பீங்களா?”

“கல்விக் கடனுக்கு அட்மிஷன் லெட்டர் வேணும்ணா.”

“அட்மிஷன் கெடைக்கத்தான சார் கோச்சிங்கு கேக்குறேன்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? விதி அப்படித்தான். வலைக்குக் கடன் உண்டு. மீனவர்களுக்குக் கிசான் அட்டை உண்டு. மகளிர் குழுவுக்கு உண்டு. மாட்டுக்கு, ஆட்டோவுக்கு, பெட்டிக்கடைக்கு உண்டு. இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கடன் உண்டு. இடம் கிடைக்கும் வரைக்கும் காத்திருக்க மட்டும் இந்திய தேசத்தின் எந்தக் கவுண்டரிலும் கடன் இல்லை. நகை இருந்தால் வைக்கலாம். “நகை எங்க சார் கீது” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறி எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறாள். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரியில் படிக்கிறாளாம். இதே வருசத்தில் அவளோடு போட்டி போடும் இன்னொரு பிள்ளை நாள் முழுக்கப் படிக்கிறது. நாளை பட்டியல் வரும்போது ரெண்டு பேர் பெயருக்கும் நேரே ஒரே மாதிரி எண் இருக்கும். அந்த எண்ணுக்குள் கம்பெனி பஸ் தெரியாது.

கேட்டால் சொல்வார்கள்: “உங்களுக்குத்தான் 18 சதவீதம் இருக்கிறதே, அந்த இடமெல்லாம் ஒவ்வொரு வருசமும் நிரம்பத்தானே செய்கிறது?” நிரம்புகிறது. அதை மறுக்கவில்லை. நம் ஆட்களே நிரப்புகிறார்கள். ஆனால் எந்த ஆட்கள்? ஒரு வருசம் காத்திருக்க முடிந்தவர்கள். வங்கிக் குமாஸ்தாவின் பிள்ளை காத்திருக்க முடியும், வாத்தியாரின் பிள்ளை காத்திருக்க முடியும். இறால் தடவுகிறவளின் பிள்ளையால் முடியாது. நமக்குள்ளேயே இந்தப் பிளவை நீட் ஆழமாக்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்ன உடனே ஒரு கூட்டம் கையைத் தேய்த்துக்கொண்டு வரும். “அப்படியானால் வசதி வந்த தலித்துகளை இடஒதுக்கீட்டிலிருந்து வெளியேற்றிவிடலாமே” என்று. 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பில் உள் ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்ட நீதிபதிகளில் சிலர் அப்படியும் பேசினார்கள். உள் ஒதுக்கீட்டை நாம் 2009-லேயே அருந்ததியர் 3 சதவீதத்தில் செய்துவிட்டோம். அது வேறு. இது வேறு. குமாஸ்தாவின் பிள்ளையை வெளியே தள்ளினால் இறால்காரியின் பிள்ளை உள்ளே வந்துவிடாது. அவளுக்குக் காத்திருக்கும் சோறு அப்போதும் இருக்காது. அவள் இடம் காலி என்று எழுதி, அப்புறம் பொதுவில் சேர்ப்பார்கள். முன்னாலே போனவனை இழுத்துத் தள்ளுவது தீர்வல்ல. பின்னாலே நிற்பவளுக்கு நிற்கத் தெம்பு கொடுப்பதுதான் வேலை.

இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது. நீட்டுக்கெல்லாம் முந்தியது. சாதிச் சான்றிதழ். எஸ்.சி. சான்றிதழ் தாசில்தார் கொடுப்பார். எஸ்.டி. சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். ஏரிக்கரையிலிருந்து பொன்னேரிக்கு எத்தனை நடை! அப்பனுக்குச் சான்றிதழ் இருக்கிறதா, தாத்தன் எந்த ஊர், சொந்தக்காரன் எவனுக்காவது கொடுத்திருக்கிறதா. தாத்தன் எந்த ஊர் என்றால் எங்கே தண்ணி இருந்ததோ அந்த ஊர். நேர்காணல் 1984-லேயே ஒழிந்துவிட்டது என்று சொன்னேன். இருளர் பிள்ளைக்கு ஒழியவில்லை. அது டாக்டர் ஆகத் தகுதியா என்று கேட்பதற்கு முன்னால், நீ இருளர்தானா என்று நிற்கவைத்துக் கேட்கிறார்கள்.

அவர்களிடம் கேட்கிறார்கள்! பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்து எங்கிருந்து வருகிறது? வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது, அந்த விஷத்திலிருந்து மருந்து தயாராகிறது. 2023-ல் அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுக்கும்போது அவர்கள் இருளர் என்பதில் ராஷ்டிரபதி பவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரு இருளர் பிள்ளை மருத்துவம் படிக்கச் சான்றிதழ் கேட்டால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது.

மருத்துவம் நமக்குப் புதுசு என்று யார் சொன்னது? அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1907-ல் பத்திரிகை தொடங்கியவர் கையிலேதான் மருந்துப் பெட்டியும் இருந்தது. குழந்தை பிறப்பிப்பது, எலும்பு கட்டுவது, விஷம் இறக்குவது, மூலிகை அறிவது எல்லாம் ஒடுக்கப்பட்ட சாதிகளின் கையில்தான் இருந்தன. அந்தக் கையைத் தீட்டு என்றார்கள். அந்த அறிவுக்குப் பட்டம் என்றும் கல்லூரி என்றும் கட்டடம் வந்த பிறகு, அதே கைகளுக்குத் தகுதி இல்லை என்கிறார்கள்.

தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட்டில் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சென்டைல் ஆக்கினார்கள். பரீட்சை எழுதியிருந்தாலே போதும், கலந்தாய்வுக்கு வரலாம். ஏன்? இடங்கள் காலியாகக் கிடந்தன. அப்போது எங்கே போனது தகுதி? கல்லூரி முதலாளிக்கு இடம் காலியாக இருந்தால் தகுதி இறங்கி வரும். நம் குடிசையில் பிள்ளை காத்திருந்தால் தகுதி ஏறிப்போகும்.

இனி நம்மைக் காத்திருக்க வைத்த சென்னைக் கோட்டையின் கணக்கையும் பார்ப்போம். நீட்டை எதிர்க்கும் கட்சிகள் என்பதால் இவர்களை விட்டுவிட முடியாது.

2017 பிப்ரவரியில் சட்டமன்றம் ரெண்டு மசோதா நிறைவேற்றியது. அந்த ஆகஸ்ட் 13-ல், ஓராண்டு விலக்குக்கு மத்திய அரசு ஒத்துழைக்கும் என்று மத்திய அமைச்சர் சொன்னார். பிள்ளைகள் நம்பினார்கள். 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு கைவிரித்தது. இடையில் ஒன்பது நாள். செப்டம்பர் 1-ல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா நம்மை விட்டுப் போனாள். 1200-க்கு 1176 எடுத்த சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், தலித் வீட்டுப் பெண். நீட்டில் 720-க்கு 86. பழைய முறை இருந்திருந்தால் அவள் இப்போது டாக்டர். அந்த மசோதாக்கள் அந்த செப்டம்பரிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. ஆனால் 2019-ல் உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்ன பிறகுதான் ஊருக்கே விசயம் தெரிந்தது. செத்துப்போன மசோதாவுக்காக ரெண்டு வருசம் பிள்ளைகள் காத்திருந்திருக்கிறார்கள்!

2021 செப்டம்பர் 13-ல் புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-ல் மறுபடி நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரல் 4-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று. மூன்றரை வருசத்துக்கு மேல். அதற்குள் மூன்று செட் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து, ‘நீட் போயிடும்’ என்ற நம்பிக்கையோடு பாதி மனசாகப் படித்து, கம்பெனி பஸ் ஏறியாகிவிட்டது. மேல்தட்டு வீட்டில் யாரும் இந்த வாக்குறுதியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள். வாக்குறுதியை நம்பிக் காத்திருந்தது நம் பிள்ளைகள்தான். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு அரங்குக்கு அனிதாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. அந்த அரங்கில் உட்கார அடுத்த அனிதாவுக்கு என்ன ஏற்பாடு?

உருப்படியாக ஒன்று நடந்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் வந்தது. அதுவரை அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 400 இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கியது. வரவேற்போம். ஆனால் அந்த நவம்பரில் நடந்த கலந்தாய்வை நினைத்துப் பாருங்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியில்லாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அறிவிப்பைக் கொஞ்ச நாள் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? கோட்டையில் ஒரு கோப்பு மேசை மாறும் நேரம் குடிசையில் ஒரு ஆயுசு.

இன்றைக்கும் 7.5-ல் அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பது விதி. கடலோரத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கிறதே என்று சேர்த்துவிட்ட தாய்க்கு, பத்து வருசம் கழித்து அதனால் டாக்டர் சீட்டு போகும் என்று யார் சொல்லித் தந்தது?

சரி, என்ன கேட்கிறோம்? நீட் ஒழிய வேண்டும். அதில் மறுபேச்சில்லை. ஆனால் அது ஒழிகிற வரைக்கும் காத்திருப்பின் செலவை யார் ஏற்பது என்று கேட்போம். இதற்கான வாதம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் மீனவர்களைக் காத்திருக்கச் சொல்கிறது. சும்மா சொல்லவில்லை. மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. போதாது என்பது வேறு பேச்சு. ஆனால் ஒரு கொள்கையை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது: நாட்டு நலனுக்காக ஒருவனைக் காத்திருக்கச் சொன்னால் அந்தக் காத்திருப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். நீட் பரீட்சை நடப்பதும் முடிவு வருவதும் இதே தடைக்காலத்தை ஒட்டித்தான். படகுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?

ஆகவே, பிளஸ் டூ முடித்து மருத்துவத்துக்கு மறுபடி முயலும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கும் ஏழை மீனவர் பிள்ளைகளுக்கும் ஒரு வருசம் மாதாமாதம் உதவித்தொகை வேண்டும். கம்பெனி பஸ் ஏறாமல் இருக்கும் அளவுக்கு வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், 2024-ல் ஆதிதிராவிடர்–பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்தைச் சட்டமாகவே போட்டிருக்கிறீர்கள், அதிலிருந்து எடுங்கள். பொன்னேரியில் தங்கிப் படிக்க ஒரு விடுதி, முழுநேர ஆசிரியர்களோடு. சாதிச் சான்றிதழ் ஆறாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்து கொடுக்க வேண்டும், பிள்ளை தேடிப் போகக் கூடாது. உதவிபெறும் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கும் 7.5 விரிய வேண்டும். கட்டணம், விடுதி, உதவி பற்றிய எந்த அறிவிப்பும் கலந்தாய்வு தொடங்கும் முன்பே வர வேண்டும்.

இதெல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு பட்டம் வாங்கித் தரும் விவகாரம் மட்டும் அல்ல. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் மாவட்டத்திலேயே கட்டடம் இருக்கிறது. ஏரிக்கரையில் ராத்திரி பாம்பு கடித்தால், பிரசவ வலி எடுத்தால், பொன்னேரிக்கும் ஸ்டான்லிக்கும் ஓடுகிற ஓட்டம் நமக்குத் தெரியும். வெளியூர் டாக்டர் மாறுதல் கேட்டுக் காத்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பாஷை பேசி, நம் வீட்டில் உட்கார்ந்து, ‘ஆயா, நாக்கை நீட்டு’ என்று சொல்கிற டாக்டர் நம் காலனியிலிருந்து வந்தால்தான் உண்டு.

பாட்டில் பங்கு கேட்கிற தலித் மீனவர்களும் இருளர்களும், துறைமுகத்தை எதிர்த்து நிற்கும் பட்டினவர்களும் ஒரே கிராமசபையில் உட்காருகிறார்கள். ஆகஸ்ட் 15 கிராமசபை கலந்தாய்வுக் காலத்தில்தான் வருகிறது. வழக்கமான தீர்மானங்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாமல், இந்தக் கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போய் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பட்டியலுக்குக் காத்திருக்கிறது, எந்தச் சான்றிதழ் எந்த மேசையில் தூங்குகிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து அதோடு இணையுங்கள். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.